பத்தொன்பதரைப் பேர்

1934 டிசம்பர் 11, செவ்வாய்

றுகையா, இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பகலெல்லாம் பிள்ளை மடியை விட்டு இறங்குவதில்லை. இப்போதுதான் கண்ணயர்ந்தான். மாமி விடியுமுன் நோன்புச் சஹருக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். எழுப்புவதற்காக விழித்திருக்கிறவள் எதையாவது எழுதிக்கொண்டிருக்கலாமே என்று விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறேன்.

கண்டியில் காலேஜ் விடுதியை விட்டுப் பிரிந்த அன்று ஆளுக்கொரு கொப்பி வாங்கினோமே, நாட்குறிப்பு எழுதி நிறைந்ததும் மாற்றிக்கொள்வது என்று. உன்னுடையது எப்போதோ நிறைந்திருக்கும். என்னுடையதில் கல்யாணத்துக்கு முன் எழுதிய சில பக்கங்கள், புவாட் பிறந்த நாள் ஒரு வரி, பிறகு வெறும் தாள். அந்த வெறும் தாளில் சந்தோஷமாக எழுத ஒன்றும் இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எங்கள் புளத்கொகுபிட்டிய ஊரை இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஆறு ஓடவில்லை, குட்டை குட்டையாக நிற்கிறது. வீட்டுக்கு வீடு நடுக்கல் காய்ச்சல். இவரும் விழுந்துவிட்டார். (பெயரை இங்கே எழுதலாம்தானே. சாலி.) கேகாலையில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காய்ச்சல்காரர்களுக்கு வார்டாக்கியிருக்கிறார்கள், அங்கே கிடக்கிறார். போன முறை பார்த்தபோது என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

எங்களுக்கு இருப்பது ஒரு லொறி. மேலே தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை எட்டியாந்தோட்டை ரயில் நிலையத்தில் கொண்டு இறக்குவது அதன் வேலை. எங்கள் சோறும் அதுதான். போன மாதம் கியர் பெட்டி உடைந்து இறக்கத்தில் நின்றுவிட்டது. மாடு கட்டி இழுத்துப் பழனியாண்டி பாஸின் ஷெட்டில் விட்டார்கள். இங்கே மெக்கானிக்கை எல்லோரும் பாஸ் என்றுதான் சொல்வார்கள். இப்போது வேலை முடிந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் லொறி மேலே வராவிட்டால் பெட்டிகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தோட்டத்துக் கிளாக்கர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

இன்று பில் வந்தது. பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் கொழும்புக் கடை ரசீது இருக்கிறது. கியர் எண்ணெய் நான்கு கலன். எண்ணெய் எனக்குத் தெரியாத விஷயம், விட்டுவிட்டேன். அதற்குக் கீழே:

வேலை — 19½ பேர் — ரூ. 29.25.

பத்தொன்பதரைப் பேர். அந்த ஷெட்டில் பழனியாண்டியையும் காத்தமுத்து என்ற ஆளையும் தவிர மூன்றாவது தலை கிடையாது. ஊருக்கே தெரியும். வகுத்துப் பார்த்தேன், தலைக்கு ஒன்றரை ரூபாய் வருகிறது. ஒன்றரை ரூபாய் நியாயமா என்பதெல்லாம் பிறகு. மிச்சப் பதினேழரைப் பேர் யார்?

கையில் இருப்பது என் காப்பு விற்ற பணம். அதுவும் பாதி வார்டுக்குப் போய்விட்டது. புருஷன் படுக்கையில், பெண்பிள்ளை என்ன கேட்கப்போகிறாள் என்றுதானே எழுதியிருக்கிறான்?

உன் வாப்பா மோட்டார் கராஜ் வைத்திருப்பவர். நாளை உனக்குத் தனியாக ஒரு கார்டு போடுகிறேன். இப்படி ஒரு வேலைக்கு என்ன கூலி நியாயம் என்று அவரிடம் கேட்டு எழுது.

டிசம்பர் 12

கார்டு போட்டாயிற்று.

இவருடைய பெரியம்மா மகன் கபூர் நானா, கடைவீதியில் சாமான் கடை வைத்திருப்பவர், வந்து போனார். பில்லைக் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இதென்ன புள்ள, பேய் பிசாசையும் சேத்து எண்ணியிரிக்கானா? அந்த ஷெட்டுக்குள்ள மூணாவது ஆள் நிக்கிற என்டா லொறிய வெளிய தள்ளோணும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. இவரிடம் கேட்கலாமா என்றேன். "காய்ச்சல்ல கெடக்கிற மனிசன்ட தலையில இதையும் போடுறதா?" என்றார். உண்மைதான். போடவில்லை.

டிசம்பர் 14, வெள்ளி

பழனியாண்டி தானே வந்தான். நான் வாசல் திரைக்கு உள்ளே, அவன் வெளியே படியில். நோன்புக் காலத்தில் திரையைத் தாண்டிக் கள் வாடை வந்தது. மாமி உள்ளேயிருந்து "அஸ்தஃபிருல்லாஹ்" என்றது அவனுக்கும் கேட்டிருக்கும்.

பேசியதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் மிகைப்படுத்தினேன் என்று நீ சொல்லக் கூடாது.

"பில்லப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். உங்கட ஷெட்டுல எத்தின பேர் வேல செய்ற?"

"ரெண்டு பேருங்க. நானும் காத்தமுத்துவும்."

"எங்கட லொறியிலயும் ரெண்டு பேர்தானா?"

"ஆமாங்க. வேற யாரு?"

"பில்லுல எத்தின பேர் போட்டிரிக்கீங்க?"

"பத்தொம்பதரைங்க."

ஒரு தடுமாற்றம் இல்லை, றுகையா. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல.

"ரெண்டு பேர் செஞ்ச வேலைக்குப் பத்தொன்பதரைப் பேருக்குக் கூலி?"

"ஆமாங்கம்மா. அதத்தானே எழுதியிருக்கேன். கூட ஒன்னும் போடலிங்க."

"அந்த அரை யார்?"

"காத்தமுத்துங்க. ஒரு நாளு மத்தியானத்தோட குளுரு வந்து படுத்துட்டான். அதான் அரைப் பேரு."

 காய்ச்சல் வந்தால் மனிதன் பாதியாகிவிடுவானா? அங்கே கேகாலையில் பாயில் கிடப்பவரும் அரை மனிதர்தானா? அப்படியே கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது. அவன் சிரித்தான்.

"அம்மா பட்டணத்துல படிச்சவங்க. தொரைமாருக்கு வெளங்குற கணக்கு உங்களுக்கு வெளங்கலியே."

"ஆளக் காட்டுங்க, சல்லி தாரேன்."

"காச வச்சிட்டு லொறிய எடுத்துக்கங்க. எனக்கு வேல கெடக்கு."

போய்விட்டான். விளங்கவில்லையாம் எனக்கு. கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்தவளுக்கு.

டிசம்பர் 15

பழனியாண்டிக்கு ஒரு துண்டு எழுதிக் கபூர் நானாவிடம் கொடுத்தேன். நகல் இது:

"எங்கள் லொறியைப் பழுது பார்த்த பத்தொன்பதரைப் பேரையும் வரிசையாக எங்கள் வாசலுக்கு அனுப்பிவைக்கவும். முழு ஆட்களுக்குத் தலைக்கு ஒன்றரை ரூபாயும், அரை ஆளுக்கு முக்கால் ரூபாயும் கையில் கொடுக்கப்படும். அந்த அரை மனிதர் மேற்பாதியா கீழ்ப்பாதியா என்று முன்கூட்டியே தெரிவித்தால், நாற்காலி போடுவதா பாய் போடுவதா என்று தீர்மானிக்க வசதியாயிருக்கும்."

எழுதி முடித்ததும் பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக நான் நானாகவே இருந்ததுபோலத் தோன்றியது. விடுதியில் சமையற்காரிக்கு எதிராக நாம் எழுதிய மனு ஞாபகம் இருக்கிறதா?

டிசம்பர் 17

ஷெட்டு வாசலில் சங்கிலி. லொறி உள்ளே.

டிசம்பர் 20

உன் பதில் இல்லை. ஆட்களும் வரவில்லை, லொறியும் வரவில்லை.

கபூர் நானா துண்டைப் பழனியாண்டியிடம் கொடுப்பதற்கு முன்னால் தேத்தண்ணிக் கடையில் உரக்கப் படித்துக் காட்டினாராம். கடையே சிரித்ததாம். நான் அதைக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார், எனக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று நினைத்து. சிங்கள ஆட்களுக்கு அவர்கள் பாஷையிலும் சொல்லிக் காட்டினாராம். இப்போது ரோட்டில் பிள்ளைகள் பழனியாண்டியைக் கண்டால் "அரை ஆள், அரை ஆள்" என்று கூப்பிடுகிறார்களாம்.

நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. அவன் செய்தது திருட்டுத்தானே? திருடனைத் திருடன் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

புவாட்டுக்கு மாலையிலிருந்து உடம்பு சுடுகிறது. கொயினா மருந்துக் கசப்பைத் தேனில் குழைத்து வைத்தேன், எல்லாவற்றையும் என் மேல் துப்பினான். பால் குறைந்துகொண்டே போகிறது. மாமி என்னை நோன்பு பிடிக்க விடுவதில்லை. பிடிக்காமலே பட்டினி கிடக்கிறவளாக இருக்கிறேன், தொண்டையில் ஒன்றும் இறங்குவதில்லை. ராத்திரி அவன் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்பதுபோல.

டிசம்பர் 21

காய்ச்சல் இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

டிசம்பர் 23, ஞாயிறு

மாமியுடன் பஸ்ஸில் கேகாலைக்குப் போய் வந்தேன். இவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கண் மஞ்சள். கொயினாவில் காது இரைகிறதாம், காதருகே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சுயபுத்தி வந்துவிட்டது. முதல் கேள்வி, "லொறி ஓடுதா?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பில், பதினேழரைப் பேர், துண்டு, தேத்தண்ணிக் கடை.

இவர் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பளீலா, பேர் என்டா ஆள் இல்ல."

"பேர் என்டா ஆள்தானே?"

"எங்களுக்கு. தோட்டத்து ஆளுக்கு இல்ல. காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வெச்சி பேர் கூப்பிடுவாங்க. பொழுதுக்கும் வேல செஞ்சா செக்ரோல் கொப்பியில அவன்ட பேர் ஒரு தரம் விழும். அதான் ஒரு பேர். ஒரு ஆள் ஒரு நாள் வேல. பாதியில வீட்ட போனா அரைப் பேர். மாசக் கடைசியில எத்தின பேர் இரிக்கோ அத்தின நாளுக்குச் சல்லி." விரலை மடக்கினார். "லொறி பத்து நாள் வேலையில நின்டிரிக்கும். ரெண்டு ஆள். இருவது பேர் வரோணும். காத்தமுத்து பாதி நாள் படுத்ததுக்கு அரையக் கொறச்சிப் போட்டிரிக்கான்."

நான் பிள்ளையைத் தோள் மாற்றினேன்.

"பழனியாண்டிட தகப்பன்ட பேர ஒரு மாசம் முழுக்கக் கணக்கப்புள்ள வெட்டிப்போட்ட. செஞ்ச வேலைக்குச் சல்லி இல்ல. அதோட தோட்டத்த விட்டு வந்து ஷெட்டுப் போட்டவன். பேருல பொய் எழுத மாட்டான், பளீலா. எண்ணெயிலதான் எழுதுவான். எத்தின கலன் போட்டிரிக்கான்?"

"நாலு."

"அந்தப் பெட்டிக்கு ஒரு கலன் கூடப் போகாது. நான் ஒவ்வொரு தரமும் சண்ட புடிச்சித்தான் கொறைக்கிற. நீ எண்ணெய்க்கு ஒன்டும் கேக்கல்லயா?"

"இல்ல."

மறுபடி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அவன்ட பேரையா பஜார்ல ஏலம் போட்டீங்க" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய். ஷெட்டு வாடகை, கரி, ஆயுதத் தேய்மானம் எல்லாம் அதற்குள். எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் அதிகம் இல்லை. குறைவுதான். திருட வந்தவன் பத்தொன்பதரை என்று எழுதுவானா? இருபது என்று நிமிர்த்தி எழுதிவிட்டுப் போயிருப்பான். நான் வைத்துச் சிரித்த அந்த அரைதான் அவனுடைய நாணயம். அதை என் கண்ணாலேயே பார்த்தேன், எழுத்துக் கூட்டி வாசித்தேன், மேற்பாதியா கீழ்ப்பாதியா என்று கேட்டேன்.

டிசம்பர் 24

காலையிலேயே பணத்தை முடிந்துகொண்டு மாமியைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். முழுப் பணமும். எண்ணெய்ப் பணத்தையும் சேர்த்தேன், பேரம் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது?

சங்கிலி அவிழ்ந்திருந்தது. லொறி வெளியில் கழுவி நிறுத்தியிருந்தது. காத்தமுத்து மட்டும் சக்கரத்தின் நிழலில் குந்தியிருந்தான். எழுந்திருக்கவில்லை.

"பாஸ் எங்கே?"

"பின்னால வீட்டுலங்க. குளுரு காச்சல். இன்னைக்கோட ஆறு நாளு."

"நான் பார்க்கவேணும்."

"யாரையும் பாக்க மாட்டேங்குறாருங்க."

சட்டைப் பையிலிருந்து பில்லின் நகலை எடுத்துக் கொடுத்தான். வேலை என்ற வரியின் மேல் கோடு கிழித்திருந்தது. ஒரு கோடு அல்ல, தாள் கிழியும்படி திரும்பத் திரும்ப.

"சாமானுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் வாங்கிக்கிட்டு வண்டியக் குடுத்துடச் சொல்லிட்டாருங்க. பேரு எல்லாத்தையும் வெட்டிட்டாரு. எனக்கு அவரு கையிலருந்து குடுத்துட்டாரு."

முழுப் பணத்தையும் நீட்டினேன். அவன் சாமானுக்கும் எண்ணெய்க்கும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தை லொறிப் படியில் வைத்தான். எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன், றுகையா. மாமி முன்னால் கெஞ்சினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அரை ஆளுகிட்ட முழுக் காசக் குடுக்காதீங்கம்மா. எண்ணத் தெரியாது."

டிசம்பர் 25

இன்றும் ஆளனுப்பினேன். கதவு திறக்கவில்லை.

டிசம்பர் 28

கபூர் நானா ஒரு டிரைவரைப் பிடித்து லொறியை மேலே தோட்டத்துக்கு அனுப்பினார். வெறும் லொறியாகத் திரும்பி வந்தது. மாதக் கடைசிவரை காத்திருக்கத் துரை விடவில்லையாம், போன வாரமே வேறு லொறிக்காரனுக்குக் கொடுத்தாயிற்றாம். கிளாக்கர் வருத்தப்பட்டாராம்.

லொறி நன்றாக ஓடுகிறதாம். கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறதாம். டிரைவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

1935 ஜனவரி 1, செவ்வாய்

பகல் ஷெட்டுப் பக்கம் சாவு வீட்டுத் தப்பு மேளச் சத்தம் கேட்டது. இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ தரம் கேட்டதுதான். மாமி ஜன்னலைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

பழனியாண்டி மௌத்து.

என்ன செஞ்ச நான். அல்லாஹ்வே, என்ன செஞ்ச. காய்ச்சல்தானே, ஊரெல்லாம் சாகுதுதானே, நானா காய்ச்சலக் கொண்டு வந்த? — இல்லை. இதை இப்படி எழுதக் கூடாது. எழுதியதை அடிக்கவும் மாட்டேன். போதும் அடித்தது.

ஜனவரி 4

ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, திங்கள்

இன்று பெருநாள். இவர் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கம்பைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார், பாதியில் உட்கார்ந்து போனாராம். யாருக்கும் புதுச் சட்டை இல்லை, புவாட்டுக்கு மட்டும் மாமி தன் பழைய வெள்ளைச் சேலையை வெட்டித் தைத்தார்.

பகல் உன் கடிதம் வந்தது. உங்கள் வீட்டிலும் எல்லோரும் படுக்கை என்று எழுதியிருக்கிறாய், தாமதத்துக்குக் காரணம் கேட்கவே எனக்கு வெட்கமாயிருக்கிறது. உன் வாப்பா சொன்னதாக நீ எழுதிய வரிகளை மனப்பாடம் செய்துவிட்டேன்: கியர் பெட்டியை இறக்கிப் பல் மாற்றி ஏற்றுவதென்றால் கண்டியில் வேலைக்கூலி மட்டும் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. எண்ணெய் நான்கு கலன் பகல் கொள்ளை. ஆனால் இருபத்தொன்பதுக்குச் செய்கிற பாஸ் கிடைத்தால் அவனை விட்டுவிடாதே.

விட்டுவிடாதே.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "எண்ணெய் சரியாச் செல்லியிரிக்காரு" என்றார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 9

மருதாயியைப் பார்த்தேன். பழனியாண்டியின் மனைவி. என்னை விடக் கொஞ்சம்தான் மூத்தவளாயிருப்பாள். ஷெட்டின் பின்னறையில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கருமாதி முடிந்ததும் அண்ணனோடு இந்தியாவுக்குப் போகிறாளாம். ஷெட்டை யாருக்கோ பேசியாயிற்று.

என்னை உட்காரச் சொன்னாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாயா நாற்காலியா என்று நான் எழுதியது அவளுக்குத் தெரியுமோ என்று நினைத்து உட்கார முடியாமல் நின்றேன்.

"உக்காருங்கம்மா. கைப்புள்ளயோட நிக்காதீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பேர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்றேன்.

"அவரும் அதத்தாங்க மொதல்ல சொன்னாரு. பாவம், பட்டணத்து அம்மாவுக்கு வெளங்கலன்னு. துண்டு வந்தன்னிக்குக் கூடச் சிரிச்சாருங்க. மேப்பாதி நானு, கீழ்ப்பாதி காத்தமுத்துன்னு. பொறகு பயலுக ரோட்டுல கத்தத் தொடங்குனதும் வெளிய போறத நிப்பாட்டிட்டாரு."

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"காச்சல் வந்தப்ப கொயினா குடுக்குற எடத்துக்குப் போங்கன்னு சொன்னேன். அங்க போனாப் பேரக் கேட்டு எழுதுவாங்க, வரிசையில நிக்கிறவன் எல்லாம் அரை ஆளுன்னு எழுதச் சொல்லுவான், நான் போவலன்னுட்டாரு. நான் போயி வாங்கியாந்தேன். எம்பேருக்கு ஒரு ஆளு மருந்துதான் குடுத்தாங்க. அதையும் ரெண்டாப் பிரிச்சித்தான் குடிச்சோம்."

இதைச் சொல்லும்போது என்னைக் குத்த வேண்டும் என்ற எண்ணம் அவள் முகத்தில் இல்லை. நடந்ததைச் சொன்னாள். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பணத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். இருபத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து சதம். அன்று லொறிப் படியிலிருந்து எடுத்து வந்தது செலவில் கரைந்துவிட்டது; இது இவர் வந்ததும் லொறியின் உதிரிச் சக்கரத்தை விற்றுத் தொட விடாமல் வைத்த பணம்.

"வேண்டாங்க."

"இது உங்கட சல்லி. அவர் வேல செஞ்ச சல்லி."

"வெட்டிட்டாருங்களே. பேரு போடாத நாளுக்கு யாருங்க காசு வாங்குவா? எங்க மாமனாரு பேர வெட்டுன மாசம், தொரை பாவம் பாத்து அஞ்சு ரூவா குடுத்தாரு. அவரு வாங்கலிங்க. பேரப் போட்டுக் குடுங்க, இல்லாட்டி வேண்டான்னுட்டாரு. அந்த வீட்டுல வாக்கப்பட்டவ நானு."

"நான் போடுறேன்" என்றேன். பில்லையும் பென்சிலையும் கையோடு கொண்டு போயிருந்தேன். பழனியாண்டி 10, காத்தமுத்து 9½ என்று கோட்டுக்குக் கீழே எழுதியும் விட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாது, ஆனால் பார்த்தாள்.

"நீங்க போடலாமாங்க? வேலையப் பாத்து இத்தன பேருன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுல்ல போடணும்."

வேலையைப் பார்த்துச் சொல்லத் தெரியாமல்தானே, றுகையா, நான் இத்தனையும் செய்தது. அவள் என்னைக் கேலி செய்யவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

காத்தமுத்து வாசலில் நின்றிருந்தான். "தெரிஞ்ச ஆளு போட்டா வாங்குவியா, அக்கா?" என்று கேட்டான். எனக்காகக் கேட்டானா தெரியவில்லை. அவள் சாக்கின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"வாங்குவேன். கப்பல்ல போயி எறங்குனாக் கையில எனக்கு என்னா இருக்கு?"

ஜனவரி 10, வியாழன்

கொப்பியில் இன்னும் தாள் இருக்கிறது. ஆனாலும் நாளைத் தபாலில் இதை உனக்கு அனுப்புகிறேன். நிறைந்த பிறகுதான் மாற்றிக்கொள்வது என்று பேசினோம், அதை மீறுகிறேன். முழுவதையும் வாசித்தால்தான் நான் கேட்பது உன் வாப்பாவுக்கு விளங்கும். அவரிடமும் கொடு. என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இவர் வாடகைக்குப் போகலாம் என்று லொறியைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாடகைக்குக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. எங்களுக்கு இனி என்ன என்று எனக்குத் தெரியாது. இன்று அதைக் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். மருதாயிக்கு வேண்டிய அந்தத் தெரிந்த ஆள், அந்த வேலைக்கு விலை சொன்ன உன் வாப்பாதான். அவருடைய கராஜின் பெயர் அச்சடித்த தாளில், அவர் கையால், தமிழில் இப்படி எழுதித் தரச் சொல்: கியர் பெட்டி வேலை. பழனியாண்டி பத்துப் பேர். காத்தமுத்து ஒன்பதரைப் பேர். பார்த்தேன், சரி. கீழே கையெழுத்து. அரையை மறக்க வேண்டாம். இருபதாக்கவும் வேண்டாம்.

லொறியைக் கண்ணால் பார்க்காமல் எழுத அவருக்கு மனம் வராவிட்டால் சொல், இவர் எப்படியாவது கண்டிக்கு ஓட்டி வந்து அவர் வாசலில் நிறுத்துவார். பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

மருதாயி அடுத்த வியாழக்கிழமை இங்கிருந்து புறப்படுகிறாள். அதற்கு முன் அந்தத் தாள் என் கைக்கு வரவேண்டும். சீக்கிரம் பதில் போடு.